மட்கலப் பிறப்பிட ஆராய்ச்சியும் சான்றுப் பதிவும்

தோற்றுவாய்

பண்டைத் தமிழர் வாழ்வினை அறிதற்கு உறுதுணையாவன இலக்கியம், கல்வெட்டு, காசு, அகழ்வில் வெளிப்படும் பொருள்கள் என்னும் நான்குமாம். இறுதியிற் கூறிய அகழ்பொருள்களுள் அளவால் மிக்கது உடைந்த பானையோடே. பொன்னும் மணியும் ஓரிடத்துக் கிடைக்கும், பிறிதோரிடத்துக் கிடையா. பானையோடோ மக்கள் குடியிருந்த இடமெங்கும் கிடைப்பது. உடைந்தபின் பெரும்பயன் இன்மையின் அதனை எவரும் எடுத்துச் செல்வதில்லை. சுட்ட மண்ணாதலின் அது மட்கி மறைவதுமில்லை. இக்காரணம் பற்றியே தொல்பொருளாய்வாளர் காலத்தையும் பண்பாட்டையும் வரையறுக்க மட்கலங்களைப் பெரிதும் துணைக்கொள்கின்றனர்.

மட்கலத்தை நோக்கி நாம் எழுப்பும் வினாக்கள் மூன்று. எப்பொழுது செய்யப்பட்டது என்பது முதலாவது. எதற்குப் பயன்பட்டது என்பது இரண்டாவது. எவ்விடத்து மண்ணாற் செய்யப்பட்டது என்பது மூன்றாவது. முன்னிரண்டற்கும் கலத்தின் வடிவும், மண்ணடுக்கும், உடன்கிடைத்த பொருள்களும் ஒருவாறு விடை தரும். மூன்றாவதற்கு விடை காண்டல் அரிது. எனினும் கடல்கடந்த வணிகம் பற்றியும் உள்நாட்டுப் பண்டமாற்றுப் பற்றியும் நாம் கூறும் முடிவுகள் பல இம்மூன்றாம் வினாவின் விடையையே சார்ந்து நிற்கின்றன.

புறநானூற்றின் 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனார், கிள்ளிவளவன் மறைந்தபொழுது, அவனுக்கேற்ற பெருந்தாழியினை எங்ஙனம் வனைவாய் எனக் கலஞ்செய்யும் வேட்கோவனை வினவுகின்றார். 256ஆம் பாட்டில் கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகலமாக வனைக எனக் குயவனை வேண்டுகின்றாள். இவ்விரு பாட்டுக்களிலும் குயவன் அவ்வூரினனாக, விளித்துக் கேட்கத்தக்க அணிமையில் உள்ளவனாகக் காட்டப்படுகின்றான். ஈமக்கலம் அவ்வவ்வூர் மண்ணாலேயே வனையப்பட்டது என்னும் எண்ணத்தை இஃது எழுப்புகின்றது. ஆயின் புலவர் வாக்கு ஒரு கருதுகோளுக்கு வித்தாகுமேயன்றி அதற்குச் சான்றாகாது. சான்று மண்ணிலிருந்தே வருதல் வேண்டும்.

மண்ணிலிருந்து வரும் அச்சான்று இக்காலத்து எண்களாக வருகின்றது. அவ்வெண்களை எடுத்தல், எழுதல், காத்தல், பிறர் கையில் ஒப்படைத்தல் ஆகிய முறைகளைப் பற்றியதே இக்கட்டுரை. பிறப்பிட முடிவின் வன்மை கருவியின் நுண்மையினும் பதிவின் செம்மையையே மிகுதியும் சார்ந்தது என்பதும், மேடவாக்கம் சூழ்ந்த தென்சென்னைப் பகுதியில் அப்பதிவினை இப்பொழுது தொடங்காவிடின் பின்னர்த் தொடங்குதல் இயலாது என்பதும் ஈண்டு நிறுவப்படும்.

நிலமும் தொல்லிடங்களும்

தாம்பரத்தினின்று வேளச்சேரிக்குச் செல்லும் பெருவழியில் மேடவாக்கம் அமைந்துள்ளது. அதன் வடகிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். மேற்கே பல்லாவரம், திரிசூலம் முதலிய குன்றுகள். குன்றுகளுக்கும் சதுப்பு நிலத்திற்கும் இடையே ஏரிகள் பல. பாக்கம் என்னும் சொல்லை இறுதியாகக் கொண்ட ஊர்ப்பெயர்கள் இப்பகுதியில் மிகுதி. அவை நீரும் நெய்தலும் சார்ந்த பழங்குடியிருப்புக்களை நினைவூட்டுவன.

இந்திய வரலாற்றுக்கு முற்பட்ட கால ஆராய்ச்சி தொடங்கியது இந்நிலப்பகுதியிலேயாம். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்னும் நிலவியலாளர் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியொன்றனைக் கண்டெடுத்தார். அதன்பின் அலெக்சாண்டர் ரீ அவ்வூரில் சுட்டமண்ணாலான ஈமப்பேழைகளை வெளிக்கொணர்ந்து, 1888ஆம் ஆண்டு வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் அவற்றைப் பற்றி எழுதினார். நீண்ட தொட்டி போன்ற வடிவும், அடியில் வரிசையாகப் பல கால்களும், மேலே மூடியும் உடையன அப்பேழைகள். எழும்பூர் அருங்காட்சியகத்திற் சென்று காண்பார்க்கு அவற்றின் பருமனும் வேலைப்பாடும் இன்றும் வியப்பளிக்கும்.

செங்கற்பட்டு மாவட்டத்துப் பெருங்கற்படைச் சின்னங்களை வி. டி. கிருஷ்ணசாமி ஆராய்ந்து 1949இல் வகைப்படுத்தினார். 1950, 1952 ஆகிய ஆண்டுகளில் சானூரில் நிகழ்ந்த அகழ்வின் அறிக்கை 1959இல் வெளிவந்தது. 1955இல் அமிர்தமங்கலத்தில் தாழிக்காடு அகழப்பெற்று, அதன் அறிக்கை 1966இல் வெளிவந்தது. குன்னத்தூரில் 1955 முதல் தொடர்ந்து நிகழ்ந்த அகழ்வுகளில் ஈமப்பேழைகள் கிடைத்தன. எனவே, சென்னையின் தெற்கும் மேற்கும் வடக்கும் ஆகிய வட்டாரம் முழுதும் இரும்புக்கால மட்கலங்களுக்குப் பெருநிலைக்களமாக விளங்கியது என்பது தெளிவு.

இவ்வளவு கலங்கள் கிடைத்தும் ஒரு வினா நிற்கின்றது. பல்லாவரத்துப் பேழையை வனைந்த மண் எந்த ஏரியினது? ஒரே குயவர் குழுவினர் பல ஊர்களுக்கும் செய்தளித்தனரா? அன்றி ஒவ்வோர் ஊரிலும் தனித்தனி வேட்கோவர் இருந்தனரா? இவ்வினா சிறியதுபோல் தோன்றும். ஆயின் இரும்புக்காலச் சமுதாயத்தில் தொழிற்பிரிவு எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதனை அறிதற்கு இதனினும் நேரிய வழி நமக்கில்லை.

பிறப்பிட ஆராய்ச்சியின் அடிப்படை

களிமண் என்பது பாறை சிதைந்து உண்டாவது. ஆகவே தாய்ப்பாறையின் தன்மை மகவாகிய மண்ணில் தங்கும். இதனை இருவழியாற் காணலாம். ஓட்டினை மெல்லிய சீவலாக அறுத்து உருப்பெருக்கியின்கீழ் வைத்து, அதனுள் உள்ள கனிமத் துகள்களை நோக்குதல் ஒருவழி. ஓட்டின் பொடியில் அடங்கிய தனிமங்களை, பத்திலட்சத்தில் ஒரு பங்கு என்னும் நுண்ணளவுவரை அளந்தறிதல் மற்றொரு வழி.

தென்சென்னைப் பகுதியின் குன்றுகள் சார்னோகைட் என்னும் பாறையால் ஆயவை. கல்கத்தாவில் யோப் சார்னக்கின் கல்லறையில் உள்ள கல்லை ஆராய்ந்து டி. எச். ஹாலண்டு 1893இல் இப்பாறைக்கு அப்பெயரிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமுமே அதற்கு மூலவிடமாக நிலவியலாரால் கொள்ளப்படுகின்றன. அப்பாறையின் சிறப்புக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன். எனவே ஒரு பானையோட்டில் ஹைப்பர்ஸ்தீன் துகள்கள் மிகுதியாகக் காணப்படின், அம்மண் சார்னோகைட் நிலத்தது என்று கூறலாம்.

ஆனால் இவ்வளவோடு அமைதல் கூடாது. சேர்வராயன் மலையும் நீலமலையும் சார்னோகைட்டே. ஆகவே அத்துகள் ‘பல்லாவரத்து மண்’ எனச் சுட்டாது. ‘இவ்வினப் பாறை நிலத்து மண்’ என்ற அளவிலேயே நிற்கும். அதற்குமேல் இடத்தைக் குறுக்குதற்கு நுண்தனிம அளவுகள் வேண்டும்.

அவ்வளவை முறை 1950க்களில் தோன்றியது. ஈ. வி. சேயர், ஆர். டபிள்யூ. டாட்சன் ஆகிய இருவரும் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் மத்தியதரைக் கடற்பகுதிப் பானையோடுகளை நியூட்ரான்களால் தாக்கி, அவை வெளியிடும் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அளந்து 1957இல் முடிவுகளை வெளியிட்டனர். இன்று இம்முறையால் ஓர் ஓட்டிற்கு ஏறத்தாழ 33 தனிமங்களின் அளவுகள் பெறப்படுகின்றன. 200 ஓடுகளை ஆராயின் 6,600 எண்கள் உண்டாம். ஒவ்வோர் எண்ணுக்கும் உரிய பிழையெல்லையையும் சேர்ப்பின் 13,200. மனத்தில் நிறுத்தத்தக்க அளவினை இது கடந்தது. பதிவு முறை என்பது ஈண்டுத் தொடங்குகின்றது.

1977இல் வைகண்ட், ஹார்பாட்டில், சேயர் ஆகியோர் இவ்வாராய்ச்சிக்கு அடிப்படையான கொள்கையை வகுத்தனர். ஒரு மூலத்திற்கும் பிறிதொரு மூலத்திற்கும் உள்ள வேறுபாடு, ஒரே மூலத்தினுள் காணும் வேறுபாட்டினும் மிக்கிருத்தல் வேண்டும் என்பதே அது. இக்கொள்கையின் உட்பொருளை நோக்குக. மேடவாக்கத்து ஏரியில் ஓரிடத்து மட்டும் ஒரு பிடி மண் எடுத்து ஆராய்ந்தால் பயனில்லை. அவ்வேரியின் தலைக்கட்டிலும், நடுவிலும், கடைக்காலிலும், மேலடுக்கிலும், கீழடுக்கிலும் எடுத்துப் பார்த்தாலன்றி அதன் உள்வேறுபாடு புலனாகாது. உள்வேறுபாடு அறியாத இடத்துப் புறவேறுபாடு பொருளற்றது.

புள்ளிக்கோலக் கலம் தரும் படிப்பினை

தமிழகத்து மட்கலங்களுள் பிறப்பிடம் பற்றிய ஆராய்ச்சிக்கு மிகுதியும் உட்பட்டது, ரூலெட்டட் என ஆய்வாளர் வழங்கும் கலமாம். மென்மண்ணால் இயன்ற தட்டு வடிவினது. உள்ளடியில் வட்டவரிசையாகப் புள்ளிக்கோலம் உடையது. 1945இல் அரிக்கமேட்டினை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலிய நாட்டு அரெட்டைன் கலங்களோடு இதனையும் வைத்து நோக்கி, புள்ளிக்கோலமிடும் முறை மத்தியதரைக் கடல் நாடுகளினின்று வந்தது எனக் கொண்டார். நெடுங்காலம் அக்கருத்தே நிலவியது. பின்னர் விமலா பெக்லி 1988இல் அரிக்கமேட்டுக் கலங்களை மீண்டும் நோக்கிப் புதிய விளக்கம் தந்தார். இக்கலம் இந்திய நாட்டிலேயே செய்யப்பட்டது என்பது இன்று பெரும்பாலார் துணிபு.

இந்தியாவில் எவ்விடத்து என்பதே அடுத்த வினா. பாலித் தீவின் செம்பிரான் என்னுமிடத்துக் கிடைத்த ஓடுகளை ஆர்டிகாவும் பெல்வுட்டும் 1991இல் வெளியிட்டனர். ஏற்றுமதிக்குரிய இக்கலங்கள் யாவும் ஒரே மூலத்தனவோ என்னும் வினா 1993இல் அவர்தம் குழுவினரால் எழுப்பப்பட்டது. வி. டி. கோக்டே எக்ஸ் கதிர் முறையாற் கனிமங்களை ஆராய்ந்து, வங்காளத்துச் சந்திரகேதுகர் – தாம்லுக் பகுதியே மூலவிடம் என 1997இல் முடிவு செய்தார். ஃபோர்டு, பொல்லார்டு, கானிங்காம், ஸ்டெர்ன் ஆகியோர் 2005இல் வேதியியற் பகுப்பாய்வினை மேற்கொண்டு, இக்கலமும் இதனோடு தொடர்புடைய பிற மென்கலங்களும் ஒரே நிலவியல் மூலத்தன என்னும் கருத்தினை வலியுறுத்தினர்.

இவ்வாராய்ச்சிகளை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் இடர்ப்பாடு புலப்படும். எக்ஸ் கதிர் முறை காட்டுவது கனிமங்களை. நியூட்ரான் முறை காட்டுவது தனிமங்களை. ஓட்டினை அமிலத்திற் கரைத்து அளக்கும் பிளாஸ்மா முறையும் தனிமங்களையே காட்டும். ஆயினும் சிர்க்கான் போன்ற கரையாக் கனிமங்கள் எஞ்சிவிடின் அவற்றினுள் அடங்கிய தனிமங்களின் அளவு குறைந்து தோன்றும். கனிமமும் சூட்டினால் மாறும். களிமண்ணின் சில கனிமங்கள் சூளையின் வெப்பத்தில் சிதைந்து மறையும். ஆகவே ஒருவர் தந்த எண்ணை மற்றொருவர் தந்த எண்ணோடு நேரே கூட்டவும் கழிக்கவும் இயலாது. பாலியின் ஓடும், வங்காளத்தின் ஓடும், அரிக்கமேட்டின் ஓடும் ஓரினமா என்று கேட்கும்பொழுது, ‘எம்முறையால், எவ்வளவைக்கல்லோடு ஒப்பிட்டு’ என்ற வினாவிற்கு விடை உடன்வருதல் வேண்டும்.

அளவைக்கல் என்று ஈண்டுக் கூறியது, அளவு முன்னரே அறியப்பட்ட ஒப்புப்பொருளை. பெர்க்கிலியில் பெர்ல்மனும் அசாரோவும் தமக்கெனப் பொதுவானதொரு மட்பொடியைச் செய்துகொண்டு ஒவ்வொரு முறையும் அதனையும் உடன் அளந்தனர். அமெரிக்கத் தர அளவை நிறுவனம் வெளியிட்ட 679ஆம் எண்ணுள்ள செங்கற்களி இன்று பல ஆய்வகங்களிற் கையாளப்படுகின்றது. வணிகர்க்கு மரக்காலும் துலாக்கோலும் எவ்வாறோ அவ்வாறே இவ்வாய்வாளர்க்கு இவ்வொப்புப்பொருள்.

பெயர் மாறிய சாடிகள்

இந்தியத் தொல்லிடங்கள் பலவற்றில் கிடைத்த பருமனான சாடியோடுகள் உரோம நாட்டு மதுக்குடங்கள் எனக் கொள்ளப்பட்டன. ரோபெர்டா டோம்பர் அவ்வோடுகளை மீண்டும் எடுத்து மண்ணின் தன்மையையும் உட்பூச்சினையும் நோக்கி, அவற்றுட் சில மெசபடோமியப் பகுதியினின்று வந்த கைப்பிடியில்லா நீள்சாடிகள் என்று 2007இல் விளக்கினார். இச்சாடிகளின் உட்புறம் கீல் பூசப்பெற்றிருத்தல் அவற்றை இனங்காண உதவிற்று.

இம்மாற்றத்தின் விளைவு பெரிது. உரோம வணிகம் என எழுதிய இடத்துப் பாரசீகக் குடா வணிகம் என எழுத வேண்டியதாயிற்று. அதனோடு காலக்கணிப்பும் மாறும். ஆனால் நாம் இங்கு நோக்க வேண்டுவது, இத்திருத்தம் எங்ஙனம் கைகூடிற்று என்பதே. முன்னோர் ஓட்டினைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தனர். எவ்வூரில் எடுத்தது என்பதனை எழுதியும் வைத்திருந்தனர். அவர்தம் முடிவு பிழைபட்டது, பதிவு பிழைபடவில்லை. ஆதலின் பின்வந்தார் திருத்த முடிந்தது. முடிவு தவறினும் பதிவு நின்றால் ஆராய்ச்சி பிழைக்கும். பதிவு தவறின் முடிவு சரியாயினும் அதனை எவரும் சரியென்று காட்டல் இயலாது.

இதே நெறியை ஃபுட் தம் தொகுப்பிற் கடைப்பிடித்தார். அவர் திரட்டிய பொருள்களை 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்திற்கென வாங்கியது. 1912இல் அவர் மறைந்தபின், 1914இல் அத்தொகுப்பின் விளக்கப்பட்டியும், 1916இல் காலம், பரவல் பற்றிய குறிப்புக்களும் வெளிவந்தன. கல்லுக்கும் ஓட்டிற்கும் எண்ணும் இடமும் குறித்து வைத்த அப்பட்டியால், நூறாண்டு கழிந்தும் அப்பொருள்களை நாம் வினவ முடிகின்றது. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களின் வரலாறு இதற்கு மாறான எச்சரிக்கையைத் தருகின்றது. 1876இல் யாகோர் எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. ரீ எடுத்தவை சென்னையில் தங்கின. ரீயின் பட்டி 1915இல் வெளிவந்தது. ஓரூர்ப் பொருள்கள் இரு கண்டங்களிற் பிரிந்து கிடக்கின்றன. அவற்றை மீண்டும் ஒன்றுசேர்க்க வல்லது பட்டியேயன்றி வேறில்லை.

பெர்க்கிலி ஏடுகள்

எண்களின் காப்பிற்கு ஒரு சான்று காண்போம். பெர்க்கிலி ஆய்வகத்தில் 1968 முதல் 1990 வரை பல்லாயிரம் ஓடுகளும் கற்களும் நியூட்ரான் முறையால் அளக்கப்பட்டன. வெளியான கட்டுரைகளில் இடம்பெற்றவை அவற்றுள் ஒரு பகுதியே. எஞ்சிய எண்களிற் பெரும்பகுதி தாள்களில் தங்கின. திட்டம் நின்றபின் அத்தாள்களைக் காத்து, எண்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பணியினை மிசௌரிப் பல்கலைக்கழக அணுவுலை ஆய்வகத்தார் மேற்கொண்டனர். அப்பணியில் ஈடுபட்ட மாத்யூ பூலஞ்சர் அதன் படிப்பினைகளை 2013இல் எழுதினார்.

அளத்தற்கு ஆன பொருட்செலவையும், துளையிட்டதனால் ஓடுகளுக்கு நேர்ந்த இழப்பையும் எண்ணின், அத்தாள்கள் அழிந்திருப்பின் நேரும் கேடு எத்தகையது என்பது விளங்கும். ஓட்டினை மீண்டும் துளைக்க அருங்காட்சியகம் இசையாது. இசையினும், தொலைந்த ஓட்டினை எங்ஙனம் துளைப்பது? பெரிய நாட்டின் பெரிய ஆய்வகத்திற்கே இந்நிலையெனின், பட்ட ஆய்வு முடிந்தவுடன் மாணவரின் கணிப்பொறியோடு எண்களும் மறையும் நம் நிலையைக் கூற வேண்டுவதில்லை.

தமிழகத்தில் இவ்வகை ஆய்வு வளர்ந்து வருகின்றது. கீழடி அகழ்வு பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கையில், இத்தாலியப் பீசா பல்கலைக்கழகத்தில் செய்த கனிமப் பகுப்பாய்வினைக் கொண்டு, அங்குள்ள பானைகள் அவ்வட்டாரத்து மண்ணாலேயே ஆனவை எனக் கூறப்பட்டது. 2020இல் வேலூர்த் தொழில்நுட்ப நிறுவனத்தார் கீழடிப் பானைப் பூச்சினுள் நுண்ணிய கரிக்கட்டமைப்புக்கள் உள்ளன எனக் கட்டுரை வெளியிட்டனர். 2025இல் தொல்லியல் துறை வெளியிட்ட நூலில் தமிழகத்து 140 தொல்லிடங்களின் பானைக் கீறற்குறிகள் தொகுத்து ஒப்பிடப்பட்டன. கீறல்களுக்கு இயன்ற தொகுப்பு மண்ணின் எண்களுக்கும் இயலும். அத்தொகுப்பு உண்டாகுமாயின் கீழடி மண்ணையும் பல்லாவரத்து மண்ணையும் அரிக்கமேட்டு மண்ணையும் ஒரே பலகையில் வைத்து நோக்கலாம்.

பதிவிற்குரிய கூறுகள்

ஓர் ஓட்டின் பதிவில் இன்றியமையாது இடம்பெறற்குரியவை எவை என்பதனை இனி நிரலே கூறுவாம்.

முதலாவது, எண். ஓர் ஓட்டிற்கு ஓர் எண்ணே இருத்தல் வேண்டும். அகழ்விடத்தில் ஓரெண், அருங்காட்சியகத்தில் மற்றோரெண், ஆய்வகத்தில் வேறோரெண் என அமையின், மூன்றும் ஒன்றனையே குறிக்கும் என்பதனை ஒரே இடத்தில் எழுதி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடம். ஊர்ப்பெயர் மட்டும் போதாது. நிலநேர்க்கோடும் குறுக்குக்கோடும், குழியின் பெயரும், ஆழமும், மண்ணடுக்கும் வேண்டும். ஓடு கிடந்த மண்ணையும் சிறிது எடுத்து வைத்தல் நன்று. புதையுண்ட ஓட்டினுள் நிலத்தடி நீரால் சோடியம், கால்சியம், பேரியம், பாஸ்பரஸ் முதலியன புகுதலும் வெளியேறுதலும் உண்டு. பள்ளிக்கரணை போன்று உவர்நீர் கலந்த நிலத்தில் இது மிகும். கிடந்த மண்ணின் தன்மை அறியாதார், உப்புப் புகுந்த ஓட்டினை வேற்றுநாட்டு ஓடென மயங்குவர்.

மூன்றாவது, மாதிரி எடுத்த முறை. ஓட்டின் எப்பகுதியிலிருந்து, எக்கருவியால் பொடி எடுக்கப்பட்டது என்பதனைக் குறித்தல் வேண்டும். டங்ஸ்டன் கார்பைடு துளைக்கருவியைப் பயன்படுத்தின் டங்ஸ்டனும் கோபால்டும் பொடியிற் கலக்கும். அதனைக் குறியாது விடின், கருவியின் கோபால்டு மண்ணின் கோபால்டாகிவிடும்.

நான்காவது, அளவை. கருவி, நாள், ஒப்புப்பொருள், பிழையெல்லை ஆகியன வேண்டும். கருவியாற் காண இயலாத அளவினைச் சுழியம் என எழுதல் பெரும்பிழை. ‘இல்லை’ என்பது வேறு. ‘இவ்வளவிற்குக் கீழ்’ என்பது வேறு. ‘அளக்கப்படவில்லை’ என்பது வேறு. இம்மூன்றனையும் ஒரே சுழியத்தால் எழுதினார் பின்வருவாரை வழிமாற்றுவர்.

ஐந்தாவது, முடிவு. ‘உள்ளூர்க் கலம்’, ‘வந்தேறு கலம்’ என்பன எண்களல்ல. எண்களினின்று ஒருவர் பெற்ற கருத்து. அக்கருத்தை, கூறியவர் பெயரும் ஆண்டும் குறித்து, எண்களினின்று பிரித்து எழுதல் வேண்டும். சாடிகளின் வரலாறு இதன் தேவையைக் காட்டும். மேலும் ‘உள்ளூர்’ என்பதற்கு எல்லை எது, எவ்வெம் மண்களோடு ஒப்பிட்டு அவ்வாறு கூறப்பட்டது என்பவற்றையும் உடன் எழுதல் கடன்.

ஆறாவது, காப்பு. ஒரே இடத்தில் வைத்த பதிவு ஒரே விபத்தில் அழியும். எளிய வடிவில், வெவ்வேறு இடங்களில், பொறுப்புடைய நிறுவனங்களின் கையில் படிகள் இருத்தல் வேண்டும். கண்டறியத்தக்கதாய், எய்தத்தக்கதாய், பிறவற்றோடு பொருந்தத்தக்கதாய், மீண்டும் பயன்படத்தக்கதாய் அறிவியற் பதிவு அமைதல் வேண்டும் என 2016இல் அறிஞர் பலர் கூடி வகுத்த நெறியும் இதுவே.

ஊர்ப்பெயரும் கலைச்சொல்லும்

இப்பணி அறிவியலார்க்கே உரியது, தமிழ்த்துறையார்க்கு இதில் இடமென்ன எனச் சிலர் வினவலாம். விடை எளிது. பதிவின் பாதி எண், மறுபாதி சொல். சொல்லிற் பிழை நேரின் எண்ணும் பயனிழக்கும்.

அமிர்தமங்கலம் 1966இல் வந்த அறிக்கையில் செங்கற்பட்டு மாவட்டம் என்றுள்ளது. 1997இல் அம்மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாயிற்று. 2019இல் காஞ்சிபுரத்தினின்று புதிய செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தது. அமிர்தமங்கலம் இன்று திருவள்ளூர் மாவட்டத்தது. பழைய அறிக்கையை மட்டும் கொண்டு புதிய செங்கற்பட்டு மாவட்டத்தில் அதனைத் தேடுவார் காணார். குன்னத்தூர் என ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரைக் குன்றத்தூர் எனவும் படிக்கலாம். இப்பெயருடைய ஊர்கள் தமிழகத்தில் ஒன்றிரண்டல்ல. பல்லவபுரம் என்னும் பழைய வடிவத்தையும் பல்லாவரம் என்னும் இன்றைய வடிவத்தையும் அறியாத கணிப்பொறி அவற்றை ஈரூராகக் கொள்ளும். ஊர்ப்பெயர் வரலாறு கற்ற தமிழ்மாணவர் இக்குழப்பத்தை ஒரு திங்களில் தீர்க்க வல்லார்.

கலப்பெயர்களும் அவ்வாறே. தாழி, பேழை, சாடி, குடம், கலயம், அகல், மூடி, பிரிமணை எனத் தமிழில் வழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றும் வடிவும் பயனும் சுட்டுவன. அறிக்கையில் ஒருவர் தாழி என்பதனை மற்றொருவர் பானை எனின், தேடுவார்க்கு இரண்டும் ஒன்றென்பது தெரியாது. வடிவம் வரைந்து, அளவு குறித்து, ஒரு சொல்லுக்கு ஒரு பொருளென நிறுவிய சொற்பட்டி ஒன்று தமிழ்த்துறையினின்று வருதல் தகும்.

எழுத்துப் பொறித்த ஓடுகளிலும் தனித்த கவனம் வேண்டும். எகிப்து நாட்டுக் குசைர் அல் கதீமில் கண்ணன், சாதன் என்னும் பெயர்களும், பானை ஒறி என்னும் தொடரும் தமிழ்ப் பிராமி எழுத்தில் கிடைத்தன. எழுத்து எழுதினார் மொழியைக் காட்டும். மண் வனைந்தார் நிலத்தைக் காட்டும். இரண்டும் ஒன்றாதலும் உண்டு, வேறாதலும் உண்டு. வேற்றுநாட்டுச் சாடியில் தமிழர் தம் பெயரைப் பொறித்தலும் இயல்வதே. ஆகவே எழுத்தும் மண்ணும் தனித்தனியே பதியப்படல் வேண்டும். ஒன்றனைக் கொண்டு மற்றொன்றனை ஊகித்து எழுதல் கூடாது.

மறையும் ஏரி மண்

இனி இக்கட்டுரையின் தலையாய கருத்திற்கு வருவாம். பிறப்பிட ஆராய்ச்சியில் ஓடு ஒரு தட்டு, களிமண் மறுதட்டு. ஓடு அருங்காட்சியகத்திற் பாதுகாக்கப்படுகின்றது. களிமண்ணோ ஏரியில் கிடக்கின்றது. தொல்லிடத்தைக் காக்கச் சட்டம் உண்டு. 2010இல் திருத்திய நடுவணரசுச் சட்டத்தின்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தினின்று 100 மீட்டர்வரை கட்டடத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர்வரை கட்டுப்பாடும் உள்ளன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் பட்டியில் இடம்பெற்றது. ஆனால் பேழைக்கு மண் தந்த ஏரிக்கு அம்மண்ணின் பொருட்டு எச்சட்டமும் இல்லை. மேடவாக்கம் முதலிய ஊர்கள் பெருநகரின் பகுதிகளாகிவிட்டன. ஏரிக்கரைகளில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. நீர்வரத்துக் கால்கள் தெருக்களாயின. வேற்றூர் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி நிலம் உயர்த்தப்படுகின்றது. இன்னும் சில ஆண்டுகள் கழித்து எடுக்கும் மண், இவ்வூர் மண்தானா என்பதனைக் கூற இயலாது.

ஈண்டுப் பேழைகளே நமக்கு ஒருவாறு துணையாகலாம். கால்களும் மூடியும் உடைய அப்பெருங்கலங்கள் கனமானவை; எளிதில் உடைவன. அவற்றை நெடுந்தொலைவு சுமந்து வருதல் அரிது. ஆகவே அவை கிடைத்த இடத்திற்கு அணித்தேயுள்ள மண்ணால் ஆனவை எனக் கொள்ளுதல் பொருந்தும். அவ்வாறாயின், மறைந்த ஏரியின் மண்ணுக்கு அப்பேழையின் ஓடே சான்றாகி நிற்கும். சிறு கலங்களின் எண்களை அப்பேழையோட்டின் எண்களோடு ஒப்பிட்டு, எவை அவ்விடத்தன, எவை வெளியினின்று வந்தன எனப் பிரிக்கலாம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. பேழை உள்ளூர் மண்ணென்பது நம் ஊகம். அவ்வூகத்தைக் கொண்டே உள்ளூர் எதுவென வரையறுத்தல் சுற்றிவரும் வாதமாகும். மேலும் பேழை செய்வார் வெடிப்பைத் தடுக்க மணலை மிகுதியாகக் கலப்பர். மணல் கலக்கக் களிமண்ணின் தனிமங்கள் யாவும் அளவிற் குறையும். இம்மறுப்பு நேரியது. இதனை நீக்க வழி ஒன்றே. இன்று எஞ்சியிருக்கும் ஏரிகளின் கீழடுக்கு மண்ணை எடுத்து, பேழையோட்டோடு ஒப்பிட்டு, மணற்கலப்பிற்குரிய திருத்தமும் செய்து, ஊகத்தைச் சோதித்தல் வேண்டும். சில ஏரிகளிலேனும் இரண்டும் ஒத்தால், மண் மறைந்த இடங்களிலும் பேழையை நம்பலாம். ஒவ்வாவிடின், பேழைகளும் ஊர்விட்டு ஊர் சென்றன என்னும் புதிய செய்தி கிடைக்கும். எவ்வாறாயினும் ஆராய்ச்சிக்கு ஆக்கமே.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால், மட்கலப் பிறப்பிட ஆராய்ச்சியில் வந்த திருத்தங்கள் யாவும் ஓடும் இடக்குறிப்பும் பாதுகாக்கப்பட்டதனாலேயே இயன்றன என்பதும், முறைகள் பலவாயினும் பொது ஒப்புப்பொருளும் முழுப் பதிவும் இருப்பின் அவை தம்முள் பேசும் என்பதும், சொல்லும் ஊர்ப்பெயரும் செம்மையுறுதற்குத் தமிழ்த்துறையின் பங்கு இன்றியமையாதது என்பதும் பெறப்பட்டன.

செய்யத்தக்க பணியின் முதற்படி பெரும்பொருள் வேண்டுவதன்று. தாம்பரம் முதல் மேடவாக்கம் வரையிலும், பல்லாவரம் முதல் வண்டலூர் வரையிலும் எஞ்சியுள்ள ஏரிகள் ஒவ்வொன்றிலும் ஐந்திடத்துக் கீழடுக்கு மண்ணை எடுத்து, இடமும் ஆழமும் நாளும் குறித்து, உலர்த்திப் புட்டியிலிட்டு வைத்தலே அது. அளக்கும் கருவி பின்னர் வரலாம். இன்னும் நுண்ணிய கருவியும் வரலாம். மண் இருந்தாலன்றி எக்கருவியும் பயன்படாது. 1863இல் ஃபுட் பல்லாவரத்திற் குனிந்து எடுத்த ஒரு கல்லினின்று ஓர் ஆராய்ச்சித் துறையே தோன்றிற்று. அக்குன்றின் அடிவாரத்து மண்ணை ஒரு பிடி எடுத்து எண்ணிட்டு வைத்தல் நம் தலைமுறையினர் செய்தற்குரிய சிறுகடன். முதுகலை மாணவர் இதனை மேற்கொள்வாராக.